ஆடிக்காற்றும் அக்காவின் வெந்நீரும்

என் அக்கா கனகலட்சுமியைத் தண்ணீர்தான் கொன்றது என்று துக்கம் கேட்க வந்தவர்கள் துட்டி வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தபடி, நெஞ்சில் சளி கட்டியதற்கு அந்த நீச்சல் குளம்தான் காரணம் என்றார்கள். முடக்குவாதம் நுரையீரலையும் பிடிக்கும், இவருக்குப் பிடித்துவிட்டது, குளத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மதுரை டாக்டர் என்னிடமும் அத்தானிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அழுதுகொண்டிருப்பவளின் பேச்சை யார் கேட்பார்கள்? இப்போது எழுதுகிறேன். தண்ணீர் அவளைக் கொல்லவில்லை. கட்டிலோடு கிடந்திருக்க வேண்டியவளை இத்தனை வருடம் நிமிர்ந்து நடக்க வைத்தது தண்ணீர்தான். அதைச் சூடாக வைத்திருக்க அவள் போட்ட சண்டையைப் போல ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை.

நாங்கள் மகாராஜபுரத்துக்காரர்கள். வயலும் களமும் உள்ள வீடு. அக்காவைக் கட்டிக்கொடுத்தது ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த சமுத்திரத்துக்கு. அத்தான் ஓய்வு பெற்று வந்ததும், கையில் கிடைத்த பணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருந்த தன் பங்குத் தோப்பில் நீச்சல் குளம் கட்டினார். சமுத்திரத்துக்கு எதுக்குடே குளம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. பெரிய குளம் ஒன்று, பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பளவு ஆழத்தில் இன்னொன்று. கோடை விடுமுறையில் இரண்டு ஊர்ப் பையன்களும் வந்து குதித்தார்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்காது.

நாற்பது வயதுக்கு முன்பே அக்காவின் விரல்கள் கோணத் தொடங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். சேலைக்குக் கொசுவம் மடிக்க முடியாமல் நைட்டிக்கு மாறினாள். குக்கர் மூடியைத் திறக்க அத்தானைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடுவதற்குப் பதில் அவள் குக்கரையே பரணில் ஏற்றிவிட்டாள். மாத்திரையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கவும் வேண்டும், முப்பத்து மூன்று டிகிரி சூடாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சித்திரை மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, வெயிலில் சூடேறிக் கிடந்த சின்னக் குளத்தில் நைட்டியோடு இறங்கிவிட்டாள். கம்பியைப் பிடிக்காமல் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்தாள். கரையில் நின்ற எனக்கு அது என் அக்காவின் நடையாகவே தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாய்க்கால் வரப்பில் நடப்பாளே, அந்த நடை. ஏறி வந்ததும் அத்தானிடம் சொன்னாள்.

"எனக்கு இது வருசம் பூரா வேணும்."

அவள் அதைக் கேட்கவில்லை. அறிவித்தாள்.

செய்தி பரவ நாளாகவில்லை. கூமாப்பட்டியிலிருந்து வெள்ளைத்தாய் இரண்டு பஸ் மாறி வந்தாள். நாற்று நட்டே முழங்கால் தேய்ந்தவள். ராஜபாளையத்திலிருந்து வெங்கடேஸ்வரி வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் செய்தவர். பஸ்ஸை விட்டு இறங்கப் பயந்து நிற்பவர் தண்ணீருக்குள் இறங்கியதும் மற்றவர்களை 'ரண்டி, ரண்டி' என்று தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டு முன்னால் போவார். இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஆனது. ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் கொடுத்தார்கள். ஆனால் மழைக்காலம் வந்ததும் தண்ணீரைச் சூடாக்கும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை.

அத்தான் கஞ்சர் இல்லை. பட்டாளத்துக்காரர், கணக்கு நேராக இருக்க வேண்டும் அவருக்கு. பனிமலையில் நின்று வந்தவன் நான், உங்களுக்குக் கார்த்திகைத் தண்ணி குளிருதாக்கும் என்று முதலில் கேலி செய்தார். பிறகு அக்காவின் விரல்களைப் பார்த்துவிட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய ஹீட்டர் ஒன்றை வாங்கிச் சின்னக் குளத்துக்குப் பொருத்தினார். தண்ணீர் அருமையாகக் காய்ந்தது. மின்கட்டணம் வந்த அன்றே அத்தான் அதன் சுவிட்சை அணைத்துவிட்டார். அடுத்து கேஸ். கடைகளுக்குக் கொடுக்கும் பெரிய சிலிண்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற கேஸை ஒரு நாளில் இந்தக் குளம் குடித்துவிடுகிறது என்று தலையில் கை வைத்தார். கணக்குப் பார்த்தால் கரண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு வெயிலைப் பிடிக்கலாம் என்றார். கறுப்புக் குழாய்களைச் சுருட்டித் தகரக் கூரையின் மேல் பரப்பி, குளத்துத் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டார். மோட்டார் ஓடும் கரண்டைத் தவிரச் செலவே கிடையாது. மாசியிலிருந்து வைகாசிவரை குளம் கொதித்தது. ஐப்பசியும் கார்த்திகையும் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. வேண்டாத மாசத்தில் வாரி வழங்கிவிட்டு வேண்டிய மாசத்தில் முக்காடு போட்டுக்கொள்கிறது உங்கள் சூரியன் என்று அக்கா சொன்னாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஹீட் பம்ப் என்று ஒன்றைக் காட்ட வந்தார். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் விடும். அதே சூட்டுக்கு ஹீட்டர் எடுக்கும் கரண்டில் கால்வாசி போதும் என்றார். வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள், மாதா மாதம் ஓட்டும் செலவைப் பாருங்கள் என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வாங்கும் விலையில் இரண்டு புல்லட் எடுக்கலாம். பழுதானால் யார் பார்ப்பது என்று அத்தான் கேட்டார். எங்கள் ஆளே கோயம்புத்தூரிலிருந்து வருவார் என்றார் அவர். அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஐஸ் ஆகிவிடும் என்று அத்தான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் வந்ததுதான் விறகு பாய்லர். சத்திரப்பட்டிப் பக்கம் துணியை வெளுத்து பேண்டேஜ் செய்யும் பட்டறை ஒன்றை மூடினார்கள். அங்கிருந்த பழைய பாய்லரை அத்தான் மலிவாகப் பிடித்தார். விறகுக்கு அலைய வேண்டியதில்லை. தோப்பின் மேற்கு ஓரம் முழுக்கச் சீமைக் கருவேலம் வேலியாக அடர்ந்து கிடந்தது. நிலத்தடி நீரைக் குடிக்கிற மரம், ஒழிக்க வேண்டிய மரம் என்று ஊரே சொல்லும் மரம். அத்தானின் அண்ணன் முத்துப்பாண்டி, போலீசில் ஏட்டாக இருந்தவர், தானே முன்னால் நின்று மெஷின் ரம்பம் வைத்து அறுக்கவைத்தார். ஒரே வாரத்தில் மேற்குப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மலை அடிவாரம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். அக்காவும்தான் சொன்னாள், நானும்தான் சொன்னேன்.

அந்த மார்கழி ராஜ மார்கழி. வெட்டிய விறகு மலைபோலக் கிடந்தது. செலவென்று எதுவும் இல்லை. கரண்டு, கேஸ், வெயில், கோயம்புத்தூர் மெஷின் எல்லாவற்றையும் சும்மா கிடைத்த விறகு தோற்கடித்துவிட்டது என்று அத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வெள்ளைத்தாய் தண்ணீரைவிட்டு ஏறவே மாட்டாள். என்னைத் தூக்கிக் கரையில் போடுங்கள், செத்த நேரத்தில் மறுபடி இறங்கிக்கிடுதேன் என்பாள்.

ஆனி பிறந்தது. தென்மேற்கிலிருந்து காற்று புறப்பட்டது. எங்கள் பக்கத்தில் அது வெறும் காற்றில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறட்டுக் காற்றாக இறங்கி, கொடியில் போட்ட துணியைக் கிழிக்கும் காற்று. ஆடியில் அதற்குப் பேய் பிடிக்கும். காலையில் சூடாக்கிய தண்ணீர் மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. மார்கழியில் ஒரு வாரம் வந்த விறகு இப்போது மூன்று நாள்கூட வரவில்லை. வெட்டிப் போட்டிருந்ததும் தீர்ந்து, விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தைவிட வெயில் காலத்தில் ஏன் அதிகம் எரிக்க வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. அதோடு குளத்தின் மட்டமும் தினம் இறங்கியது. எங்கோ கசிகிறது என்று அத்தான் கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் விரிசலைத் தேடினார், கிடைக்கவில்லை, இருந்தாலும் நான்கைந்து இடத்தில் பூசிவிட்டுப் போனார். மட்டம் அப்படியேதான் இறங்கியது.

பழி பெண்கள் மேல் விழுந்தது. தண்ணீரை அடித்து வெளியே தெளிக்கிறார்கள், நனைந்த துணியோடு ஏறி ஏறி இறங்குகிறார்கள் என்று ஆரம்பித்தவர் முத்துப்பாண்டி பெரியத்தான். வயதான பொம்பளைகள் நைட்டியோடு குளத்துக்குள் ஆடுவது குடும்பத்துக்கு அழகா என்பதுதான் அவருடைய உண்மையான வருத்தம். விறகு ஒரு சாக்கு. அத்தானுக்கு விறகுதான் வருத்தம். ஒரு நாள் சாப்பிடும்போது, இந்த வெள்ளிக்கிழமையோடு பெண்கள் நேரத்தை நிறுத்துவோம், ஆடி போகட்டும், பொறவு பார்ப்போம் என்றார்.

அவர் 'பொறவு' என்றால் அது வராது என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு மாதம் தண்ணீர் இல்லாமல் போனால் தன் முழங்கால் மறுபடி நிமிராது என்பதும் தெரியும். முந்தைய வருடம் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்ததற்கே குளியலறைவரை ஊர்ந்துதான் போனாள். மறுநாள் பகலில் என்னைக் கூப்பிட்டு, குளத்துத் தண்ணீரை ஒரு வாளியில் தளும்ப மொண்டு, அதைக் குளத்தின் படியிலேயே வைக்கச் சொன்னாள். தண்ணீர் நின்ற இடத்தை வாளியில் ஒரு கரிக்கோட்டாலும் குளத்துச் சுவரில் ஒரு கரிக்கோட்டாலும் குறித்தாள். எதற்கு என்று நான் கேட்டபோது, இறங்கி ஏறினால் என் தோளில் தண்ணி காயும்போதுதான் நடுக்கம் எடுக்குது, தண்ணிக்குள்ள இருக்கும்போது இல்ல, அதான் ஒரு சந்தேகம் என்றாள். இரண்டு நாள் கழித்து அத்தானையும் பெரியத்தானையும் கூப்பிட்டாள். குளத்தில் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்ததோ, வாளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இறங்கியிருந்தது.

"கொளத்துல விரிசல்னு சொன்னிய. வாளியிலயுமா விரிசல்?" என்றாள்.

பெரியத்தான் வாளியைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

"காத்துதான் குடிக்குது. தண்ணியோட சேத்து சூட்டையும் கொண்டுட்டுப் போகுது. வேலி நின்ன வரைக்கும் இது நடக்கல. சும்மா கெடைச்ச வெறகுன்னு சொன்னியளே, அது சும்மா கெடைக்கல. மறைப்ப வெட்டி எரிச்சிருக்கோம், அம்புட்டுதான்."

அத்தான் வெறிச்சென்று கிடந்த மேற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மரம் வளர வருசம் ஆகும் என்றார். மரம் வளரட்டும், அதுவரைக்கும் குளத்தை மூடி வைப்போம் என்றாள் அக்கா. தினம் மூடித் திறக்க இரண்டு ஆள் வேண்டும், அந்தக் கூலிக்கு விறகே வாங்கலாம் என்று அத்தான் சொல்லி முடிப்பதற்குள், ஆள் எதற்கு, நாங்கள் இருக்கிறோமே என்றாள். கோணல் விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டித்தான் சொன்னாள்.

மகாராஜபுரத்தில் எங்கள் வீட்டில் நெல் காயப்போடும் பெரிய படுதா இருந்தது. அதை மினி பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுபோனேன். முதல் நாள் அது தண்ணீரில் மூழ்கியது. வெள்ளைத்தாய் காலி தண்ணீர்க் கேன்களை ஓரத்தில் கட்டிவிட்டாள், மிதந்தது. ஆனால் காற்று அடியில் புகுந்து, பாய்மரம் போல உப்பித் தூக்கி, படுதாவைத் தென்னை மரத்தில் கொண்டுபோய் மாட்டியது. ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். பெரியத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏத்தா, பட்டம் விடுதியளா என்று கேட்டார். வெங்கடேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா, நாளைக்குப் பழைய டியூப் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சைக்கிள் கடையில் வாங்கிய பழைய டியூப்களில் மணலை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, பாம்பு பாம்பாகப் படுதாவின் ஓரம் முழுக்கக் கிடத்தினார்கள். நடக்க மாட்டாத பத்துப் பெண்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி வந்து இழுத்து மூடினார்கள். வெகு நேரம் ஆனது. காற்று முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

காலையில் அத்தான் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். நாலைந்து டிகிரி இறங்கும் இடத்தில் ஒரு டிகிரிதான் இறங்கியிருந்தது. அந்த வாரம் விறகு பாதிகூடச் செலவாகவில்லை. கரண்டா, கேஸா, வெயிலா, விறகா என்று வருடக்கணக்காக ஒப்பிட்டுக்கொண்டிருந்தோமே, எதில் காய்ச்சுகிறோம் என்பதைவிடக் காய்ந்ததை மூடினோமா என்பதில்தான் செலவு இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நிறுத்துவது பற்றி அத்தான் வாயே திறக்கவில்லை. அதுதான் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை.

அறுத்த இடத்தில் சீமைக் கருவேலம் மறுபடி துளிர்த்தது. அது சாகிற மரம் இல்லையே. அதை வேரோடு தோண்டிவிட்டு வேறு மரம் வைக்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வேறு மரத்தையும் வையுங்கள், ஆனால் இதில் ஒருத்தன் கை வைத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அக்கா. ஊர் முழுக்க ஒழிக்கச் சொன்ன மரத்தை அவள் ஒருத்தி காவல் காத்து வளர்த்தாள். பேசுகிறவர்கள் பேசினார்கள். அந்த வேலிக்குப் பின்னால் அவள் எத்தனையோ ஆடிகள் சிரித்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆக்சிஜன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்வரை அவள் குளத்தில் இறங்கினாள். அதுதான் பேசுகிறவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டரிடம் நானே தனியாகக் கேட்டேன், தண்ணீரில் இறங்கியது தப்பா என்று. இறங்கியதால்தான் இவ்வளவு நாள் தாங்கினார்கள் என்றார். இந்த ஒரு வரியை நான் யாரிடம் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, தோப்பில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். காரியம் இன்னும் முடியவில்லை. குளம் மூடியபடியே கிடந்தது. வெள்ளைத்தாய், வெங்கடேஸ்வரி, மற்றப் பெண்கள் எல்லோரும் துக்கம் கேட்க வந்து வாசலில் நின்றார்கள். கையில் மாற்றுத்துணிப் பை இருந்தது. கேட்க வாய் வராமல் நின்றார்கள். பெரியத்தான் அவர்களைப் பார்த்துவிட்டு, சாவுத் தீட்டுப்பட்ட தண்ணி, மொத்தத்தையும் தோப்புக்குத் திறந்துவிட்டு, குளத்தில் மண் அடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட வேண்டியதுதான் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய், தண்ணீரை வெளியேற்றும் வால்வில் கையும் வைத்துவிட்டார்.

அத்தான் பின்னாலேயே போனார்.

"கைய எடுண்ணே."

"ஏலே, அவ கெடந்த தண்ணி இது."

"இதத் தொறந்துவிட்டா கெணத்துத் தண்ணிய ரொப்பி மறுபடி மொதல்ல இருந்து காய்ச்சணும். மூணு நாளு நிக்காம எரிக்கணும். அந்த வெறகுக்கு நீ துட்டு தாறியா?"

பெரியத்தான் திகைத்துப் போனார். "பொண்டாட்டி செத்து ஈரம் காயல, வெறகுக் கணக்கா பேசுத?"

"ஆமா. அவ இருக்கையில அவகிட்டயே பேசுனவன் நான். இப்ப ஒனக்காக ஏன் நிறுத்தணும்?"

சொல்லிவிட்டு அத்தான் வால்வின் கைப்பிடியைத் தனியே கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றவர்களைப் பார்த்து, மணி பதினொன்று தாண்டிவிட்டது, நிற்கிற நேரத்துக்குத் தண்ணி ஆறிப்போகும் என்று சிடுசிடுத்தார். பிறகு பாய்லர் பக்கம் நடந்தார்.

படுதாவை இழுக்க ஒரு கை குறைந்தது. நான் போய் அந்த மூலையைப் பிடித்தேன். தண்ணீர் அவ்வளவு நாளுக்குப் பிறகும் முழுதாக ஆறியிருக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் அழவில்லை, நடந்தார்கள். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துட்டி கழியாத இடத்தில் வெட்கமில்லாமல் இறங்குதாளுக என்று பெரியத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வெள்ளைத்தாய் தண்ணீருக்குள் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெக்கத்தையும் முட்டுவலியையும் சேத்துச் சொமக்க முடியலண்ணே. ஒண்ணக் கரையில எறக்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கோம். வேணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். பாய்லர் பக்கமிருந்து புகை எழும்பி, கருவேல வேலியில் முட்டி, தோப்புக்குள்ளேயே தங்கியது.